கறுப்புக் கல்லைப் பொறுக்கிய கை

உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வழியில் ஒரு குன்று இருக்கிறது. வெள்ளைக் கல்லுக்கு நடுவே கறுப்புக் கல் பட்டை பட்டையாக ஓடும். கறுப்பில் காந்தம் ஒட்டும், இரும்பு. என் மாமனார் காலத்திலேயே யாரோ வந்து குழி தோண்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம். ஆடு விழாமலிருக்க அதன்மேல் முள் வெட்டிப் போட்டிருந்தோம்.

சில வருஷங்களுக்கு முன் மறுபடியும் ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். குன்றின் குறுக்கே வாய்க்கால் மாதிரி வெட்டினார்கள். அதில் பெயர்த்த கல்லைச் சோதனைக்கு அனுப்பப் பைகளில் நிரப்ப எங்களைக் கூலிக்கு வைத்தார்கள். "பொறுக்கக் கூடாதும்மா. கறுப்போ வெளுப்போ, வர்றதை அப்படியே போடுங்க" என்றார் அதிகாரி. நானும் தலையாட்டினேன்.

அப்போது என் வீட்டுக்காரர் சென்னையில் கட்டட வேலையில் இருந்தார். மாதம் ஒரு முறைதான் வருவார். "மலையில சுரங்கம் வந்துச்சின்னா, உன் கையால சோறு துன்னுகினு இங்கியே கெடப்பேன்" என்று போனில் சொல்வார். எனக்கு வேறென்ன வேண்டும்?

விதைக்கடலை எடுக்கும்போது சொத்தையைத் தள்ளிப் பழகிய கை. நல்லதை அனுப்பினால்தானே நல்ல பதில் வரும்? அதிகாரி அந்தப் பக்கம் போனதும், கனமான கறுப்புக் கல்லாகப் பார்த்துப் பைகளில் போட்டேன். ஏமாற்றுகிறோம் என்று சத்தியமாகத் தோன்றவில்லை.

என் பைகளில் இரும்பு அதிகம் என்று முடிவு வந்தது. இயந்திரம் வைத்துத் துளை போடப்போவதாக ஊரே பேசியது. என் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். மூன்று மாதம் கூடவே இருந்தார். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் இல்லை.

துளையிலிருந்து உருளை உருளையாக வந்த கல் பெரும்பாலும் வெளுப்பு. அதிகாரிக்குச் சந்தேகம் வந்து என்னைத் தனியாகக் கேட்டார். சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். சாமான்களை ஏற்றிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள்.

சென்னையில் பழைய வேலையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தூரத்தில், உயரமான கட்டடம் ஒன்றில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "மலை நம்மள ஏமாத்திடுச்சி, இன்னா பண்றது" என்றார். ஏமாற்றியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. அடுத்த தடவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாரத்திலிருந்து விழுந்தவரை ஆம்புலன்ஸில் உடலாகத்தான் கொண்டுவந்தார்கள்.

கடைசிவரை அவருக்குக் கோபமெல்லாம் குன்றின்மேல்தான். என்மேல் துளியும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.