பின் சீட்டுக்கு ஒரு சத்தம்

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டியை நிரப்பி, வாசல் வேம்புக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் ஃபாக்டரிக்கு அதுதான் பெயர்; அங்கே ஸ்டோர் என் பொறுப்பு. வடக்கே போகும் லாரிக்குப் பண்டல்களைச் சரிபார்த்து ஏற்றினேன். சனிக்கிழமை அரை நாள்தான் என்பதால் மத்தியானம் வீட்டுச் சாப்பாடு. புளிக்குழம்பு, சீனியவரைக்காய்ப் பொரியல். சாப்பிட்டு முடித்ததும் காரை வேப்ப நிழலில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தேன்.

மறுநாள் காலையில் விளாத்திகுளத்தில் என் மனைவியின் தங்கை கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. நான், மனைவி, என் அக்கா மூவரும் போவதாக ஏற்பாடு. அக்கா வருவாளா என்பது மட்டும் காரில் நான் செய்துகொண்டிருந்த வேலையைப் பொறுத்திருந்தது.

அக்கா நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறாள். மில் இரைச்சலில் காது போய்விட்டது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தோம். "உள்ள கொசு குடியிருக்குத மாதிரி இருக்குலே" என்று டப்பாவிலேயே போட்டு வைத்துவிட்டாள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ சாப்பாட்டைப் பற்றிக் கேட்க, இவள் பஸ்ஸைப் பற்றிப் பதில் சொல்ல, பந்தியே சிரித்தது. அன்றோடு விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு காரில் ஏறுவதும் நின்றது.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால பாட்டு கேட்டுச் சிரிச்சிக்கிட்டு வருவீங்க. நான் பின்னால பார்சல் மாதிரி கெடக்கணுமாக்கும்" என்றாள்.

காது டாக்டர் சொன்னதும் நான் வீட்டில் பார்த்ததும் ஒத்துப்போயின. அழைப்பு மணி அவளுக்குக் கேட்காது. ஆனால் தெருமுனையில் லாரி திரும்பினால் நிமிர்ந்து பார்ப்பாள். கோயில் கொடை விழாவில் உறுமி அடித்தால் கால் தாளம் போடும். கீச்சென்ற சத்தங்கள் போய்விட்டன, அடித்தொண்டைச் சத்தங்கள் மிச்சம் இருக்கின்றன. காரின் கதவு ஸ்பீக்கர்களில் அந்தக் கனம் இல்லை. அதனால் மதுரைக்குப் போய் ஒரு சப்வூஃபர் பெட்டியும் அதை ஓட்ட ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்தேன். பெட்டியைப் பின் சீட்டுக்கு நேர் பின்னால், டிக்கியில் வைத்தால் சத்தம் அவள் முதுகைத் தொடும்.

"பாட்டு கேட்டா வாரேன். இல்லன்னா வீட்டுக் காவலுக்கு நான் இருக்கேன்" என்பது அவள் போட்ட நிபந்தனை.

கடையில் மாட்டித் தருவதாகத்தான் சொன்னார்கள். என் வண்டிக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதனால் வேண்டாம் என்று சொல்லி, சாயங்காலங்களில் நானே மாட்டினேன். பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை கனமான சிவப்பு வயர். பேட்டரிக்கு அருகில் அதற்கென்று ஒரு ஃபியூஸ் பெட்டி. வேலை முடியும்வரை ஃபியூஸைக் கழற்றித் தனியாக வைத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அதைத் திருகி இறுக்கிவிட்டுக் காரின் பாட்டுச் செட்டைப் போட்டேன்.

முன் கதவுகளில் பாட்டு வந்தது. பின்னால் ஒன்றும் இல்லை. ஆம்ப்ளிஃபயரில் விளக்கே எரியவில்லை.

அக்கா பின் சீட்டில் ஏறி, சாய்மானத்தில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் கையைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றேன்.

"கடைக்காரன்ட்ட விட்டிருந்தா அன்னைக்கே பாடியிருக்கும்" என்றாள் வாசலில் நின்ற மனைவி. "இவியளுக்கு ஒவ்வொரு திருகாணியையும் தானே பாத்து முடுக்கணும்."

எதிர்வீட்டு வேன்காரர் பல் குத்திக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய வேன் பாட்டுச் சத்தத்தோடு தெருவில் நுழைந்தால் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிரும்.

"என்ன அண்ணாச்சி, மௌன விரதமா?"

"லைட் எரியல. கரண்டு வந்து சேரலன்னு அர்த்தம்."

"ஆம்ப்ளிஃபயர் அவுட்டு. மாத்திருங்க."

"அளந்து பாக்காம எப்படிச் சொல்லுதீங்க?"

"நான் அளந்தா பாத்தேன்? மொகத்த பாத்தாலே தெரியுது."

எனக்குப் பதற்றம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் உயிர் பெற மூன்று வயர் போதும்: பேட்டரி வயர், எர்த், செட்டைப் போட்டதும் இதையும் எழுப்பிவிடும் ஒரு மெல்லிய வயர். மூன்றில் ஒன்றுதான் பொய் சொல்கிறது. மீட்டரை எடுத்தேன். மெல்லிய வயரில் பன்னிரண்டு வோல்ட் வந்தது. எர்த், பெயிண்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியும் இடத்தில் முடுக்கியது, அதுவும் சரி. பேட்டரி வயரில் பூஜ்யம்.

பானெட்டைத் திறந்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸைக் கழற்றி இரண்டு பக்கமும் மீட்டர் ஊசியை வைத்தேன். பீப் என்றது. பின்னால் போகும் வயரின் இரு முனைகளையும் பார்த்தேன். அதற்கும் பீப். திரும்ப மாட்டிச் செட்டைப் போட்டேன். விளக்கு எரியவில்லை.

"எல்லாமே நல்லாத்தான் இருக்கு. பாட்டு மட்டும் இல்ல" என்றார் வேன்காரர். மனைவி சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பை அக்கா பார்த்தாள். என்னவென்று அவளுக்குத் தெரியாது. சீட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "விடுலே. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். நான் வெளியே நின்று அந்தக் கதவைச் சாத்தினேன். அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அஞ்சு நிமிஷம்" என்று உதட்டை நிதானமாக அசைத்துச் சொன்னேன்.

தனித்தனியாகச் சரியாக இருப்பவை சேர்ந்தால் வேலை செய்யவில்லை என்றால், கோளாறு சேரும் இடத்தில்தான் இருக்க வேண்டும். இம்முறை ஃபியூஸைக் கழற்றாமல், மாட்டியபடியே அளந்தேன். பேட்டரிப் பக்கத் திருகில் பன்னிரண்டு. மறுபக்கத் திருகில் பூஜ்யம். நடுவில் இருப்பது ஃபியூஸ் ஒன்றுதான். அதை மறுபடி கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தட்டையான முனைகளிலும், அடிப்பக்கத்தில், மஞ்சளாக ஒரு ஓடு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு அக்கா புதுச் சாமான் எல்லாவற்றையும் சாமி அலமாரி முன்னால் வைத்துப் பொட்டு வைத்திருந்தாள். தொலைந்துவிடக் கூடாது என்று அந்த அலமாரியில் ஃபியூஸை வைத்தவன் நான். அதையும் அவள் விடவில்லை. மீட்டரின் கூர்மையான ஊசி சந்தனத்தைத் துளைத்து உள்ளே தொட்டதால் பீப் என்றது. ஃபியூஸ் பெட்டியின் தட்டைப் பித்தளைக்கு அந்தக் கூர்மை ஏது?

வேன்காரர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். அக்காவுக்குக் கேட்கும்படி சொல்வதென்றால் தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். தன் கை பட்டுத்தான் வேலை கெட்டது என்று நினைத்துவிட்டால் அவள் அந்தச் சீட்டில் இனி உட்காரவே மாட்டாள். ஆனால் அவள் ஏற்கெனவே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். என் நகத்து மஞ்சளைப் பார்த்தாள்.

"நான் வச்ச சந்தனமாலே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவளிடம் பொய் சொல்லிப் பிரயோசனமில்லை. காதில் விட்டதை எல்லாம் முகத்தில் பிடித்துவிடுவாள்.

ஃபியூஸை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இம்புட்டுச் சாமானுக்கு, இந்த ஒண்ணு மட்டும் பொட்டு வேண்டாம்னு சொல்லுதாக்கும்" என்றாள். "நல்லாத் தேச்சு எடு. எடுத்துட்டுச் சாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு."

உப்புத்தாளால் இரண்டு முனைகளையும் பித்தளை மின்னும்வரை தேய்த்து, துணியால் துடைத்து, மாட்டி இறுக்கினேன். அக்கா போய்ப் பழையபடி உட்கார்ந்தாள். செட்டைப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் நீல விளக்கு எரிந்தது. பெட்டி ஒரு முறை தொண்டையைச் செருமியது போலிருந்தது. அடுத்த நொடி தவில் அடி வந்து விழுந்தது. டிக்கிக் கதவு அதிர்ந்தது, வேம்பில் இருந்த காக்கை பறந்தது.

அக்கா இரண்டு கைகளாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பாட்டில் ஒரு சுற்று முடியும்வரை அசையவில்லை.

"சத்தத்தக் கொறைலே!" என்று கத்தினாள். "தெருவே பாக்குது."

அவள் யாரையும் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிறது. குறைத்தேன். குமிழை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவளே விரலால் காட்டி ஓர் இடத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

"ஆம்ப்ளிஃபயர் அவுட்டுன்னு எவனோ சொன்னானே, யாரு அது?" என்று மனைவி வேன்காரரைக் கேட்டாள்.

"நான் சும்மா பேச்சுக்குச் சொன்னேன் மதினி" என்று அவர் நழுவினார்.

இரவுச் சாப்பாட்டின்போது அக்கா தன் முடிவைச் சொன்னாள். "வாரேன். ஆனா அந்த வீட்டுக்குள்ள வரமாட்டேன். நீங்க போயிப் பால் குடிச்சிட்டு வாங்க. நான் வண்டியிலேயே பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பேன்." மனைவி ஏதோ சொல்லப் போனாள். நான் கண் காட்டினேன். காரில் ஏற ஒப்புக்கொண்டதே அன்றைக்குப் போதும்.

மறுநாள் காலை, இருட்டு பிரியுமுன், முதல் வேலையாக முகம் கழுவிக்கொண்டு காரை எடுக்கப் போனேன். பின்கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அக்கா குளித்து, பட்டுச்சேலை கட்டி, பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். புது வீட்டுக்கென்று எப்போதோ தானே கடைக்குப் போய் வாங்கி வைத்திருந்த பித்தளைப் பால்செம்பு மடியில் இருந்தது. அதை டிக்கியில் வைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏட்டி, இன்னும் என்ன சீவிச் சிங்காரிக்க? நேரமாகுது, வா!"