நெட்டி எடுக்காத ஞாயிற்றுக்கிழமை

தொடக்கநிலை ஐந்தில் படித்தபோது பள்ளியில் கொடுத்த குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையின் கட்டத்தில் ஆங்கிலத்தில் மூன்று வரிகள் எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரிக்குக் கீழே மட்டும் அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன்.

அந்த ஞாயிற்றைச் சொல்வதற்கு முன், செப்டம்பர் விடுமுறையின் புதன்கிழமையைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வேலை. வீட்டில் தனியாக விட முடியாதென்று அப்பா என்னை மருத்துவமனைக்கு உடன் அழைத்துப் போனார்.

அப்பாவுக்குக் குட்டைக் கழுத்து. பின்னந்தலை முடி கிட்டத்தட்ட சட்டைக் காலர் வரை இறங்கியிருக்கும். யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது, ஆளே திரும்புவார். அவரிடம் பேச வேண்டுமானால் நேர் எதிரே வந்து நிற்க வேண்டும். அதை அவருடைய கண்டிப்பு என்றே பத்து வயதுவரை நினைத்திருந்தேன்.

மருத்துவர் இளம் பெண். ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, பேனா முனையால் தொட்டுத் தொட்டு விளக்கினார். அப்பாவின் கழுத்தில் இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கின்றன. அவை அசையாததால், மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்து தேய்ந்துவிட்டன. கீழே எலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டு பிதுங்கி நரம்புத்தண்டை அழுத்துகிறது. வலது கை விரல்கள் மரத்துப்போவது அதனால்தான். எங்கள் வகுப்பில் வெண்பலகை துடைக்க வேண்டியவள் வராத நாளில் பக்கத்து இருக்கைக்காரி என்று என்னைத்தான் துடைக்கச் சொல்வார்கள். எனவே எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

கடைசியாக மருத்துவர் என்னையும் பார்த்துச் சொன்னார். யாரும் அப்பாவின் கழுத்தைப் பிடித்துவிடவோ திருப்பவோ கூடாது. தவறாக ஒருமுறை திருப்பினாலே போதும், கைகால் இயங்காமல் போகலாம். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுவதையும் நிறுத்த வேண்டும் என்று கூறி, வேலையிடத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் அப்பா வாயைத் திறந்தார்.

“அம்மாட்ட சொல்லாத. மாமாவுக்கு சுத்தமா தெரியக்கூடாது.”

“ஏம்ப்பா?”

“தெரிஞ்சா வண்டியக் குடுக்க மாட்டாரு. ப்ராமிஸ்?”

“ப்ராமிஸ்.”

கடிதம் என் பழைய தமிழ்ப் பயிற்சிநூலுக்குள் போனது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஜூரோங்கில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அப்பாவை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். அப்பா கழுத்தைத் தேய்ப்பதை அவர் கவனித்திருக்கிறார். அதற்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த முடிதிருத்தகம். தலைக்கு எண்ணெய் வைத்துத் தட்டி, கழுத்தில் இருபக்கமும் நெட்டி எடுப்பார்கள். மாமா மாதம் ஒருமுறை எடுத்துக்கொள்வார். அந்தச் சத்தத்தை வீட்டில் வாயாலேயே செய்து காட்டுவார்.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்தார். “கெளம்பு மாப்ள. தீபாவளிக்கு முடி வெட்டுன மாதிரியும் ஆச்சு, கழுத்துக்கு சர்வீஸ் பண்ண மாதிரியும் ஆச்சு.”

அப்பா வேண்டாம் என்றார். வேலை இருக்கிறது என்றார். மாமா விடவில்லை. காலணி மாட்டும்போது அப்பா, “இவளும் வரட்டும்” என்றார்.

“ஆம்பளைங்க கடையில பொம்பளப் புள்ளைக்கு என்ன வேலை?” என்றார் அம்மா. “அடுத்த வாரம் பரீட்சை வேற.”

“வரட்டும்.”

குறிப்பேட்டில் அந்தக் கட்டத்தின் ஓரத்தில் மூன்று மணி என்று குறித்திருக்கிறேன். வரிசையில் காத்திருந்ததைக் கணக்கிட்டால் மூன்றரைக்கு மேல்தான் இருக்கும். வாசல் பக்கம் நீள இருக்கையும் வாரப் பத்திரிகைகளும் இருந்தன. அப்பா என்னை அங்கே உட்காரவிடாமல், தன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு முக்காலியைக் காட்டினார்.

முடி வெட்டி முடிந்தது. எண்ணெய் வைத்துத் தட்டியதும் முடிந்தது. கடைக்காரர் ஒரு கையை அப்பாவின் தாடைக்குக் கீழும் மறு கையை உச்சந்தலைக்குப் பின்னும் கொடுத்தார். மெதுவாக ஆட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, பூட்டு போட்ட மாதிரி இருக்கு.”

“பல வருஷத்துப் பூட்டுலா,” என்றார் மாமா. “ஒரே இழு, தொறந்துரும்.”

“அண்ணே, தலய லூசா விடுங்க.”

அப்பா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ப்ராமிஸ் ஞாபகமிருக்கிறதா என்று கேட்கிற பார்வை என்றுதான் எடுத்துக்கொண்டேன். என் தொடைகளுக்கு அடியில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டேன். கடைக்காரரின் முழங்கை உயர்ந்தது.

“திருப்பக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க.”

வானொலிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெயில் வழுக்கியது. இரண்டு கைகளாலும் பிடித்தேன்.

“டாக்டர் சொன்னாங்க. கைகால் வெளங்காமப் போயிரும்னு சொன்னாங்க.”

கடைக்காரர் சூடு பட்டவர்போல இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். மாமா வானொலியை நிறுத்தினார்.

“எந்த டாக்டர் பாப்பா?”

நான் தரையில் கிடந்த முடியைப் பார்த்தேன்.

“மாப்ள. எந்த டாக்டர்?”

“செப்டம்பர்ல போனேன் மச்சான்,” என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்தபடியே. “லெட்டர் குடுத்தாங்க.”

திங்கட்கிழமை மாமா வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அப்பா மூன்று வாரம் வீட்டில் இருந்தார். பிறகு அதே கிடங்கில் சரக்குப் பதியும் மேசைக்குப் போனார்; அந்த இடத்துக்காக மாமா யார் யாரிடம் பேசினார் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. “அப்பனும் மவளும் சேந்து நல்லா நடிச்சீங்க,” என்ற அம்மா இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தீபாவளிக் காலையில் புதுச்சட்டையோடு என் எதிரே வந்து நின்று, “பட்டன் போட்டுவிடு” என்றார். அவர் விரல்களுக்குப் பிடிபடவில்லை. அதற்கு முன் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. வாக்குத் தவறியதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அது என்று நினைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டேன்.

அந்தக் கட்டத்தின் மூன்று வரிகள் இவை. அப்பா என்னையும் வரச் சொன்னார். கடைக்காரர் அப்பாவின் தலையைப் பிடித்தார். நான் கொடுத்த வாக்கை மீறினேன்.

சிவப்புக் கோடு கடைசி வரிக்குக் கீழே இருக்கிறது. மருத்துவர் சொன்னது அன்று அந்தக் கடையில் அப்பாவைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். அதை நான் முதல் வரிக்குப் போட்டிருக்க வேண்டும்.