தேய்க்கக் கூடாத ஊசி

காலையில் என் மகள் செலினின் இமைகள் உப்பியிருந்தன. நான்கு வயதுக் குழந்தை, அழுதுகொண்டே தூங்கியிருப்பாள் என்று நினைத்தேன். மாலையில் அவள் செருப்பைக் கழற்றினேன். வார் அழுத்திய பள்ளம் காலில் அப்படியே நின்றது.

எங்கள் பேட்டையான சாரத்திலிருந்து ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார்கள். முட்டை வெள்ளைபோலத் திரண்டது. நெஃப்ரோசிஸ் (சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடுவதால் உடம்பில் நீர் தங்குதல்) என்றார் டாக்டர். உப்பை நிறுத்தி, தினம் ஒரு ஹார்மோன் (சுரப்பி நீர்) ஊசி எழுதினார்.

மருந்து மதராஸிலிருந்து வந்தது. ஜெலட்டின் (எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் பசை) கலந்தது. ஐஸ் பெட்டியில் உறைந்திருக்கும். குப்பியை என் உள்ளங்கையில் பொத்தி வைக்கச் சொல்வார் நர்ஸம்மா. இளகிய பிறகே ஊசியில் ஏற்றுவார்.

“வெறும் மருந்துன்னா சீக்கிரம் தீர்ந்துடும்மா,” என்றார் டாக்டர். “இந்தப் பசை புடிச்சு வெச்சுகிட்டு, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா விடும். தேய்க்காதீங்க, ஒத்தடம் குடுக்காதீங்க. அப்படிச் செஞ்சா மருந்து சீக்கிரம் ரத்தத்துல கலந்துடும்.”

தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் செலின் தொடையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். என் நாத்தனார் வெந்நீரும் துணியுமாக வந்தார்.

“வேணாங்க்கா. டாக்டர் கூடாதுன்னாரு.”

“புள்ள துடிக்குது, நீ மாதா செலையாட்டம் நிக்கிற! அவரா பெத்தாரு?”

வீக்கம் வயிற்றுக்கும் ஏறியது. ஒத்தடமாவது கொடுத்திருக்கலாமோ, வலியாவது குறைந்திருக்குமோ என்று தினமும் தடுமாறினேன்.

வழியைச் செலினே கண்டுபிடித்தாள். “அந்தக் கால தேய்ம்மா. ஊசி போடாத காலு.”

தேய்த்தேன். அழுகை தணிந்தது. அதுவும் தவறோ என்று டாக்டரிடம் கேட்டேன்.

“அந்தக் காலுக்கு நான் தடை போடலியே, மதாம்!” என்று பிரெஞ்சுக்காரர்போல அழைத்துச் சிரித்தார்.

உங்கள் பிள்ளைக்கும் இதே ஊசி எழுதியிருந்தால் ஒன்று சொல்வேன். மருந்து வேலை செய்வது வெளியே தெரியாது. ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும் பகல் முழுவதும் அது உள்ளே கசிந்துகொண்டுதான் இருக்கும். நாம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, பாய் முழுக்க நனைந்திருந்தது. நான் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

“சிரிக்காதடி, அலசப் போறது நானு,” என்றார். சிரித்துக்கொண்டிருந்தது அவர்தான். அன்றிலிருந்து சிறுநீர் தாராளமாகப் போயிற்று, வயிறு வடிந்தது.

வீக்கம் திரும்ப வரலாம் என்கிறார் டாக்டர். எப்போது என்று நான் கேட்கவில்லை.

சில நாள் கழித்து, குளிப்பாட்டுவதற்காக அவளைத் தூக்கினேன். வீங்கிய உடம்பின் கனத்துக்குப் பழகிய என் கைகள் அதே பலத்தோடு தூக்க, அவள் என் தலைக்கு மேலே போய்விட்டாள். பயந்துபோய் இறுக்கிப் பிடித்தேன்.

“இன்னொரு வாட்டிம்மா,” என்றாள்.