கழுநீர்ப் பானைக்குள் ஒரு கை

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் தெருக் குப்பையை அள்ள பஞ்சாயத்து ஆள் என்றைக்காவது வந்தால் உண்டு. அடுப்படிக் கழிவை மட்டும் ஒருநாள் தவறாமல் எடுத்துப் போனவர், பென்னலூர்ப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மாள். அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாம் கொல்லையில் ஒரு பானையில் சேரும். காலையில் வந்து தன் தகரக் குடத்தில் ஊற்றிக்கொள்வார். அவருடைய ஒரே எருமைக்கு அதுதான் தீனி.

எனக்கு அவர்மேல் ஒரு கடுப்பு இருந்தது. ஊற்றுவதற்கு முன் முழங்கை வரை கையை விட்டு, பானையின் அடிவரை துழாவுவார். பிள்ளைகளின் பையைச் சோதிக்கிற வாத்தியார் நான். என் வீட்டுப் பானையை ஒருவர் சோதிப்பதா?

"நம்மள நம்பாம தேடுறாங்க பாரு" என்று மனைவியிடம் பொருமுவேன்.

"தேடட்டுமே. உங்களுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்பாள்.

ஒருநாள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கொல்லையில் நின்று சவரம் செய்தேன். பழைய பிளேடை எங்கே போட்டோம் என்றுகூடப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அந்த அம்மாள் பானையிலிருந்து கையை வெளியே எடுத்தார். இரண்டு விரல்களில் ரத்தம். நுனியில் என் பிளேடு.

அவர் விரலைப் பார்க்கவேயில்லை. "இன்னா வாத்தியாரே, இத்த மாடு முழுங்கியிருந்தா இன்னா ஆவறது? என்னாண்ட கீறது அது ஒண்ணுதான்" என்றார்.

மனைவி ஓடிவந்து மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். "நல்லவேள, கையோட போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். மறுநாளும் வந்தார், கட்டுப்போட்ட கையோடு. இடது கையால் துழாவினார்.

அன்றுமுதல் அவர் வருவதற்கு முன்பே நான் சட்டையைச் சுருட்டிக்கொண்டு பானைக்குள் கைவிட்டுத் தேடிவிடுவேன். சாக்பீஸ் பிடிக்கும்போதும் விரலில் புளிச்ச வாடை அடிக்கும். ஒருநாள் நான் துழாவுவதை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா தேடிகினு கீறீங்க?"

"உங்க மாட்டுக்காகத்தாம்மா."

எனக்குப் பிறகு அவரும் ஒருமுறை துழாவினார். பல மாதம் இப்படியே நடந்தது.

பிறகு ஒரு காலையில் வந்தார், பானையைத் தூக்கினார், கைவிட்டுத் துழாவாமல் அப்படியே குடத்தில் கவிழ்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்குப் போனார். சுவருக்கு அப்பால், அந்த வீட்டுப் பானையை அவர் துழாவுகிற சத்தம் கேட்டது.