தம்பி எங்கே உறங்குகிறான்?

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு டாக்டரை மக்கு என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். பாவம், அவர் குழந்தைகள் அவசரப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்த இளைஞர். ஆனால் அவர் கையில் இருந்தது என் தம்பி ஆயிற்றே.

தம்பிக்கு இழுப்பு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போகும். அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஆரியங்கோட்டிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தோம். முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுப்பார்கள். மூச்சு சீரானதும் வீட்டுக்கு அனுப்புவார்கள். சில நாட்களில் மறுபடியும் ஓடுவோம்.

வீடு என்று நாங்கள் சொன்னது, ரப்பர் தோட்டத்தில் ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையை ஒட்டிய ஓர் அறை. நடுச்சுவர் கூரைவரை எட்டாது. அப்பா அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினார். முதலாளி இரக்கப்பட்டுத் தங்க விட்டிருந்தார். அங்கே ஒரு குடும்பம் இருப்பது வெளியே தெரிந்தால் முதலாளியே எங்களை வெளியேற்றிவிடுவார் என்பது அம்மாவின் பயம்.

"ஆரு கேட்டாலும் செங்கல்ல பெரியம்மைக்க வீட்டுல இருக்கோம்னுதான் சொல்லணும், கேட்டியா மக்களே?"

செங்கல் என்ற ஊரில் இருந்த அந்தப் பெரியம்மாவை நான் பார்த்ததே இல்லை. கோயிலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்த அம்மா, சர்ச்சுக்குப் போகும் அப்பாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த வீட்டோடு பேச்சே கிடையாது.

அன்றைக்கும் தம்பியின் முகத்தில் முகமூடி. கட்டிலுக்கு அந்தப் பக்கம் இளம் டாக்டர். அவர் பின்னால் கண்ணாடி போட்ட பெரிய டாக்டரம்மா. "இனி எந்தா சோதிக்கான் உள்ளது?" என்று டாக்டரம்மா கேட்டார். இனி என்ன கேட்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இளம் டாக்டர் காய்ச்சல் என்றார், சளி என்றார், ஏதேதோ மருந்தின் பெயர்களைச் சொன்னார். டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, "வேறே?" என்றார். இளம் டாக்டர் கையிலிருந்த சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் தெரியாதவர்களை எழுப்பி நிறுத்துவார்கள், அத்தோடு முடிந்துவிடும். இவருக்குப் பாடம் தெரியாவிட்டால் தம்பி என்ன ஆவான்?

"குட்டி எவிடெயா கிடக்குன்னதென்னு சோதிச்சோ?" என்றார் டாக்டரம்மா. பிள்ளை எங்கே உறங்குகிறான் என்று கேட்டாயா?

இளம் டாக்டர் அம்மாவிடம் கேட்டார். "செங்கல்ல, எனக்க அக்காவுக்க வீட்டுல" என்றாள் அம்மா. விறகடுப்பு உண்டா? இல்லை. புகை? இல்லவே இல்லை. இளம் டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"மோளே, ராத்திரி கண்ணு திறந்தால் எந்து காணும்?"

ராத்திரி கண் விழித்தால் என்ன தெரியும் என்ற இந்தக் கேள்விக்கு அம்மா எனக்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.

"ஷீட்டு" என்றேன். "சொவருக்கு மேல தொங்கிக் கெடக்கும். பொகையில சரியா தெரியாது."

அம்மாவின் கை என் தோளை இறுக்கியது. போலீஸ் வரும், முதலாளி வருவார், பாத்திரங்களையெல்லாம் வெளியே எறிவார்கள் என்று பயந்தேன். இளம் டாக்டர் சத்தம் போடவில்லை. இதை வெளியே யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று முதலில் சொன்னார். பிறகு, கூப்பிட்டால் வருவதற்கு உங்களுக்கு யாராவது உண்டா என்று மெதுவாகக் கேட்டார். அம்மா போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

மத்தியானம் தடித்த பெண் ஒருத்தி விறுவிறுவென்று உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் தம்பியின் சட்டையை உயர்த்தி விலாவைப் பார்த்தாள். அவனைக் கொண்டுபோக வந்த அதிகாரி என்று நினைத்து நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு மக்கா. நான் உனக்க பெரியம்மையாக்கும்."

அப்படியே அம்மா பக்கம் திரும்பினார். "பச்சப்பிள்ளைய பொகையில போட்டு வச்சிருக்கியே, நான் என்ன செத்தா போனேன்? நீ கூப்பிட்டா வரமாட்டேன்னு எவன் சொன்னான் உனக்கு?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா அழுதாள். தடுக்கப்போன இளம் டாக்டரை டாக்டரம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். பெரிய சண்டைக்கு வழி செய்துவிட்டு இவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டைப் பற்றிக் கேட்பதும் மருத்துவம்தான் என்று அந்த டாக்டரம்மா அங்கே வரும் இளம் டாக்டர்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கிறவர் என்பது, பிறகு பலமுறை தம்பியைக் காட்டப் போனபோதுதான் தெரிந்தது. தம்பியின் இழுப்பு முழுதாகப் போகவில்லை. ஆனால் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது குறைந்தது.

அன்று சாயங்காலம் நாங்கள் ஆரியங்கோட்டுக்குத் திரும்பவில்லை, செங்கலுக்குப் போனோம். வேலை முடிந்து அப்பா நேரே அங்கே வருவதாகப் பேச்சு. பஸ்ஸில் பெரியம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வழி நெடுக அம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால், அம்மா அவர் தோளில் சாய்ந்து நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு திட்டு வாங்கும்போது ஒருவருக்கு எப்படி உறக்கம் வரும் என்று எனக்கு விளங்கவே இல்லை.