லாரி மாதிரி ஒரு பாய்மரப் படகு

“…அதோட சரி, அப்புறம் கையே வெக்க மாட்டன். இந்த ஒரு போல்ட்ட மட்டும் போட்டுட்டா நூறு வருஷத்துக்கு அசையாது” என்றார் என் கணவர்.

போன வருஷம் மாசி மாதம். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசல். சனிக்கிழமை காலை. விடிந்தால் புதுச்சேரிப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி. படகை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் டீ குடித்து, பேப்பர் படித்து, இரண்டாவது டீயும் குடித்துவிட்டார். இவரோ படகின் மூக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும்தான். அந்தக் கால்களைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கு அவ்வளவு திட்டும் திட்டினேன்.

கடலே இல்லாத ஊரில் படகு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். என்னைக் கேட்காதவர்கள் இந்த பிளாக்கில் யாருமில்லை. இவரும் இவருடைய ஷிப்ட் நண்பரும் ஒரு லீவு நாளில் புதுச்சேரிக்குப் போனார்கள். அங்கே கழிமுகத்தில் ஒரு கிளப்பில் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சும்மா பார்க்கப் போனவர்கள் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார்கள். கற்றுக்கொண்டு வருவார்கள் என்று பார்த்தால், அந்த கிளப் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய ஃபைபர் படகு ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் உட்காரக்கூடிய படகு. நண்பர் வீடு மாடியில். எங்கள் வீடு கீழே. ஆகவே அது எங்கள் வாசலில் வந்து படுத்தது.

அன்று தொடங்கியது என் பாடு. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, “மழைக்கு முன்னாடி சொல்லிருங்க தங்கச்சி, எங்களுக்கும் ரெண்டு சீட்டு போட்டு வைங்க” என்பார். கம்பெனி பஸ் டிரைவர் எங்கள் முனைக்குக் கப்பல் ஸ்டாப்பிங் என்று பேர் வைத்துவிட்டார். பால்காரர் பாக்கெட் பையைப் படகின் சுக்கானில் மாட்டிவிட்டுப் போவார். படகுப் பாயைத் துவைத்துக் காயப்போட்டால் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, துவைத்ததா துவைக்காததா என்று எனக்கே தெரியாது.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர் அந்தப் படகை ரிப்பேர் செய்த விதம் இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியாது.

இவருக்கு மைன்ஸில் பெல்ட் பராமரிப்பு வேலை. மெஷின் வெட்டிப் போடுகிற மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் ஓடும் பெல்ட். அதில் ஒரு போல்ட் லூஸ் ஆனால் பெல்ட் நிற்கும், ஷிப்டே நிற்கும். அதனால் எதையும் அசையாமல் முடுக்குவது ஒன்றுதான் இவர் கைக்குத் தெரியும். இவர் மட்டுமல்ல, எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் வீட்டில் இந்தக் கதைதான். எங்கள் வீட்டுத் துணி காயப்போடும் ஸ்டாண்டை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். செருப்பு ஸ்டாண்டின் மேல் ஏறி நின்று நான் ஃபேன் துடைக்கிறேன். எல்லாம் இவர் கைவேலை, எல்லாம் ஹெவி டூட்டி.

படகும் அப்படித்தான் ஆனது. தரையில் கால் வழுக்கக் கூடாதென்று குள்ளஞ்சாவடி பழைய இரும்புக் கடையில் கன்வேயர் பெல்ட் ரப்பர் வாங்கிவந்து விரித்தார். பாய்மரம் நிற்குமிடத்தில் இரும்புத் தகடு. கயிறு ஓடுவதற்கு இருந்த சின்ன பிளாஸ்டிக் கப்பிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம் போன்ற கப்பிகளை மாட்டினார். நண்பர் வந்தால், “இங்க ஒரு இரும்பு ஆங்கிள் குடுத்துரலாமா?” என்பார். இவர், “குடுத்துருவோம்” என்பார். பாயின் கிழிசலைத் தைத்தது நான். எனக்குத் தையல் தெரியும். மெல்லிசாக ஒட்டுப் போட்டால் போதுமென்று துணியைத் தொட்டதுமே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தையல் ஓட்டு, இன்னொரு தையல் ஓட்டு என்று உயிரை வாங்கினார்.

ஒருநாள் தாங்க முடியாமல், இதைத் தூக்கி அந்த இரும்புக் கடையிலேயே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், நிதானமாகச் சொன்னார். “நம்மூர்ல ஒரு ஃபேன் சுத்தறதுக்கு எவ்ளோ மண்ண வெட்டிகினு இருக்கோம் பாரு. இது சும்மா வர்ற காத்துல போவுது. எனக்கு அது இன்னும் அதிசயமாத்தான் இருக்குது.” அதற்கு மேல் நான் என்ன பேசுவது? உள்ளே போய்க் குக்கரை வைத்தேன்.

இந்த நிலையில்தான் டவுன்ஷிப் ஆபீசில் இருந்து ஆள் வந்தார். படகின் மேல் போட்ட தார்ப்பாயில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறதாம், பிளாக்கில் புகார். மாதக் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். எங்கே எடுப்பது? அடுத்த வருஷம் இவர் ரிட்டையர்டு. குவார்ட்டர்ஸையே காலி செய்துகொண்டு வடலூரில் வாடகை வீட்டுக்குப் போகப்போகிறோம். அங்கே ஸ்கூட்டரை நிறுத்தவே இடமில்லை.

மிச்சமிருந்தது கிளப் ஷெட். அங்கே இடம் கொடுப்பார்கள், ஆனால் ஒரு நிபந்தனை. ஓடாத படகெல்லாம் வந்து அடைந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, வருஷப் போட்டியில் நேரத்துக்குள் ஓடி முடிக்கிற படகுக்குத்தான் இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு ஓட்டம், மதியத்துக்கு மேல் ஒரு ஓட்டம். ஏதாவது ஒன்றை முடித்தால் ஷெட். இல்லையென்றால் குள்ளஞ்சாவடி இரும்புக் கடை.

சரி, முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். நான் போனது எலுமிச்சை சாதக் கூடையைப் பார்த்துக்கொள்ள. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருவதாகச் சொன்ன நண்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார். அவரை மாற்றிவிட வேண்டிய ஆள் வேலைக்கு வரவில்லையாம், அடுத்த ஷிப்டும் அவரே பார்க்க வேண்டுமாம். இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று பார்த்த பார்வை.

நான் அந்தப் படகில் நாலைந்து தடவை உட்கார்ந்திருக்கிறேன், முன்பாயின் கயிற்றைப் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, கழிமுகத்தில் பாதி இடம் இடுப்பளவுதான் என்று கிளப்பை நடத்துகிற அம்மா தைரியம் சொன்னார். மற்ற படகுகளை நாலு பேர் நாலு மூலையில் பிடித்துத் தண்ணீரில் விட்டார்கள். எங்கள் படகுக்கு நாலு பேர் வந்து பிடித்தார்கள், அசையவில்லை. இன்னும் நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் குனிந்து உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

ஹாரன் அடித்தது. முகத்துவாரப் பக்கம் போய், ஆரஞ்சு நிற மிதவையைச் சுற்றிக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். போகும்போது ஜம்மென்று போனோம். “பாத்தியா?” என்றார். நானும் பார்த்தேன், ஆச்சரியமாகத்தான் இருந்தது. எங்களைக் கொண்டுபோனது காற்றில்லை, கடலைப் பார்த்து வடிந்துகொண்டிருந்த தண்ணீர் என்பது மிதவையைச் சுற்றித் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

இப்போது தண்ணீர் எதிரே வந்தது, காற்றும் செத்துப்போனது. மற்றவர்கள் அந்தக் கொஞ்சக் காற்றிலேயே வெள்ளைக் கொக்கு மாதிரி நழுவிப் போய்விட்டார்கள். எங்கள் பாயும் உப்பித்தான் இருந்தது. ஆனால் கரையில் ஒரு வலைக் கம்பு, அதன்மேல் ஒரு காக்கா. கயிற்றை இழுத்து, உடம்பைச் சாய்த்து, இவர் சொன்னதையெல்லாம் செய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அதே கம்பு, அதே காக்கா.

படகு லேசாகச் சாய்ந்தபோது முன்பக்கம் ‘டங்’ என்று ஒரு சத்தம். என்னங்க அது என்றேன். ஒன்றுமில்லை என்றார். மறுபடி ‘டங்’. படகின் மூக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். டூல் பாக்ஸ். வண்டியிலேயே வைத்துவிட்டு வருகிறேன் என்று என்னிடம் சொன்ன அதே டூல் பாக்ஸ். அதற்குப் பின்னால் ஒரு சுருள் சங்கிலியும். “வழியில எதுனா கயண்டுகினா என்னா பண்ணுவ?” என்கிறார். தூக்கித் தண்ணீரில் போடப் போனேன். ஓட்டத்தின் நடுவில் எதையும் வெளியே போடக் கூடாது, ரூல்ஸ் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், போடுவதற்கு இன்னொரு பெரிய சாமானும் படகில் இருப்பதாகச் சொன்னேன்.

ஒருவழியாகக் கொஞ்சம் காற்று வந்தது. முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது, கரையில் நின்றவர்களின் முகம்கூடத் தெரிந்தது. அங்கே தண்ணீருக்கடியில் ஒரு மணல் திட்டு. முன்னால் போனவர்கள் எல்லோரும் அதன்மேல் மிதந்துதான் போனார்கள். நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். தரை தட்டினால் இறங்கித் தள்ளி விடுவித்துக்கொள்ளலாம் என்று கரையிலிருந்து கத்தினார்கள். இவர் இறங்கித் தள்ளினார். நானும் இறங்கினேன். முட்டியளவு தண்ணீர். நடுக்கழிமுகத்தில், சுடிதாரை முடிந்துகொண்டு, பஸ்ஸைத் தள்ளுவது போல் ஒரு படகைத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன். பக்கத்தில் வள்ளத்தில் போன மீன்காரர் ஒருவர் துடுப்பை நிறுத்தினார்.

“இன்னாங்க, லாரியக் கொண்டாந்து ஆத்துல வுட்டுட்டீங்களா?”

நான் சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. தோளைக் கொடுத்து இன்னொரு தள்ளு தள்ளினார். அப்போது நேரம் முடிந்த ஹாரன் அடித்தது. இவர் தள்ளுவதை நிறுத்தவில்லை. ஹாரன் அடித்த பிறகும் தள்ளிக்கொண்டே இருந்த அந்த முதுகைப் பார்த்தபோது, காலையிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்த எதையும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

கிளப்பின் மோட்டார் படகு வந்து கட்டி இழுத்தது. கரையில் வேப்பமரத்தடியில் போட்டார்கள். எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்தேன், தொடவில்லை. கிளப் அம்மா வந்து, மூணு மணிக்கு அடுத்த ஓட்டம் இருக்கிறது, கடல் காற்றும் எழும்பிவிடும், ஆனால் படகு இப்படியே இருந்தால், என்று இழுத்துவிட்டு, மேலே சொல்லாமல் போய்விட்டார். வண்டிக்காரர், இரும்புக் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அது இவர் காதிலும் விழுந்தது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “ஏங்க, காத்து இழுத்துகினுதாங்க இருக்குது. நாமதான் வுடாம புடிச்சிகினு இருக்கோம்” என்றேன்.

இவர் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ரப்பரும் இரும்புச் சாமான்களும் உள்பக்கச் சட்டத்தில்தான் முடுக்கியிருக்கிறது, கழற்றினாலும் ஓட்டை விழாது என்றார். அப்படியானால் எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூணு மணி ஓட்டத்தில் நாங்கள்தான் கடைசி. ஆனால் ஹாரனுக்கு முன்னால் வந்த கடைசி. அந்த மணல் திட்டின்மேல் போனபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மணல் அடியில் லேசாக உரசிவிட்டுப் படகை விட்டுவிட்டது. படகு இப்போது ஷெட்டில் இருக்கிறது. நண்பரும் இவரும் லீவு நாளில் போய்வருகிறார்கள், சில சமயம் நானும். கன்வேயர் ரப்பர் எங்கள் வாசலில் கால் மிதியாகக் கிடக்கிறது. எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா, கப்பல் போயும் அதன் தோலை விடவில்லையே என்கிறார்.

ஆனால் அந்த நாளை நினைத்தால் என் கண்முன் வருவது முடிவுக் கோட்டைத் தாண்டியது இல்லை, அதற்கு முன் அந்த வேப்பமரத்தடிதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இறுக்குவதற்கே பழகிய ஒரு கைக்கு விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று, இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்தும் நான் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இப்போதெல்லாம் இவரைத் திட்ட வாயைத் திறக்கும்போது அந்தக் கை நினைவுக்கு வந்து, பாதித் திட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்றைக்கு அந்த மரத்தடியில், நான் தண்ணீரில் எறியப் பார்த்த அந்த டூல் பாக்ஸை இவர் இழுத்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, படகின் மூக்குக்குள் தலையை விட்டார். நூறு வருஷத்துக்கு அசையாது என்று முந்தின நாள் முடுக்கிய அதே போல்ட். பழக்கத்தில் முதலில் வலது பக்கம்தான் திருகினார். அது இன்னும் கொஞ்சம் இறுகியது. நிறுத்தினார். வெளியே தெரிந்த இரண்டு கால்களும் சற்று நேரம் அசையாமல் இருந்தன. பிறகு ஸ்பேனரை மாற்றிப் பிடித்து, இடது பக்கம் திருகினார்.