முப்பதாயிரம் கார் ஓட்டியவன்

ராயபுரத்திலேயே அதிகம் கார் ஓட்டிய ஆள் யார் என்று கேட்டால் ஜெரால்ட் தன்னைத்தான் காட்டுவான். கேட்காவிட்டாலும் காட்டுவான். முப்பதாயிரம் கார் என்பது அவன் சொல்கிற எண்ணிக்கை. ஒரு நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோது நான் கூட்டிப் பெருக்கிப் பார்த்தேன், பொய்யில்லை. எண்ணூர் துறைமுகத்தில் பதினோரு வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. வெளிநாட்டுக்குப் போகிற புதுக் கார்கள் யார்டில் வரிசை வரிசையாக நிற்கும். பத்து டிரைவர்கள் பத்துக் காரை எடுத்துக்கொண்டு கப்பலுக்குள் ஏற்றி நிறுத்துவார்கள். ஒரு வேன் அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி யார்டுக்கு வரும். மறுபடி பத்து. கப்பல் நிறையும்வரை இதே பிழைப்புதான்.

நான் அன்பரசன், வியாசர்பாடிக்காரன். ஜெரால்ட் ஏற்றி நிறுத்துகிற காரைக் கப்பல் தரையோடு பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுகிற கூட்டத்தில் ஒருவன். பக்கத்துக் காருக்கும் இதற்கும் நடுவே ஒரு சாண் விட்டு நிறுத்துவான் பாருங்கள், அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் பிசகாது. கண்ணாடியை மடக்கிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வருவான். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் அவனைக் கொஞ்சம் திட்டப் போகிறேன்.

அவனுக்கு எல்லாக் கம்பெனிக் காரைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. கொரியாக்காரன் கார் பவ்யமான கார், சொன்னதைக் கேட்கும். ஐரோப்பாக்காரன் கார் பணக்கார மாமனார் மாதிரி, கம்பீரமாக உட்காரும். ஜப்பான்காரன் கார் ஆபீஸ் குமாஸ்தா, அதனிடம் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு காரை எடை போட அவன் வைத்திருந்த பரீட்சை கதவுதான். கதவைச் சாத்தும்போது 'தொப்'பென்று கனமாக விழ வேண்டும். 'டங்'கென்றால் அந்தக் கம்பெனியே பிசாத்து. டீக்கடையில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லும்போது அவனை மறுத்துப் பேச யாராலும் முடியாது. நாங்கள் யாரும் மறுக்கவும் விரும்பியதில்லை, பொழுது நன்றாகப் போயிற்று.

அவன் மனைவி ரேச்சல் நர்ஸ். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். ஏழு மாதத்துக்கு முன் நியூசிலாந்துக்குப் போனாள். தெற்கே ஒரு சின்ன ஊர். முதலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஜூன் மாதம், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முதல் ஷிஃப்ட். அந்தச் சாலையில் பஸ் கிடையாது. முதல் மூன்று மாதம் சோதனைக் காலம். வண்டி நின்றுவிட்டது, வர முடியவில்லை என்று இரண்டு தடவை போன் செய்தால் வீட்டோடு இருந்துகொள் என்று சொல்லிவிடுவார்களாம். அந்த வேலை நிலைத்தால்தான் ஜெரால்டுக்கும் விசாவுக்கு எழுதிப் போட முடியும். ஆக, ரேச்சல் வாங்கப் போகிற கார் ஓடினால் இருவரும் ஒரு வீட்டில் குடும்பம் நடத்தலாம். ஓடாவிட்டால் ஆளுக்கொரு மூலைதான்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பத்து மணி டீக்கு நாங்கள் கேன்டீனில் இருந்தபோது ரேச்சல் வீடியோவில் வந்தாள். அங்கே சாயங்காலம். பழைய கார் விற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ஜூன் குளிர்காலம், மூக்கு சிவந்திருந்தது. அவள் கைக்கு எட்டக்கூடியதாக அங்கே இரண்டு கார்கள்தான் இருந்தன. ஒன்று கறுப்பு, ஐரோப்பாக் கம்பெனி. இன்னொன்று வெளிறிய பழுப்பு நிறம், ஜப்பான் கம்பெனி, பதினாறு வயசு. நாளை மத்தியானம்வரை இரண்டையும் பிடித்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"ரெண்டு கதவையும் சாத்திக் காட்டு மே" என்றான் ஜெரால்ட். கேன்டீன் முழுக்கக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

கறுப்புக் காரின் கதவு தொப்பென்று விழுந்தது. பழுப்புக் கார் முறுக்கு டப்பா மாதிரி சத்தம் போட்டது.

"முடிஞ்சிச்சு. கறுப்ப எடுத்துக்கோ. அந்தக் கம்பெனி இன்னா கெத்துன்னு எனக்குத் தெரியும்."

"யோவ், நா ஆஸ்பத்திரிக்குப் போவணும்யா. கதவ சாத்தி சாத்தி வெள்ளாடவா கார் வாங்கறேன்? இது நடுரோட்ல நிக்காம போவுமா, அத்த சொல்லு."

"போவுமாவா? நா முப்பதாயிரம் காரு ஓட்டிக்கீறேன் மே!"

"செரி. இந்தக் கம்பெனி காரு ஒண்ணு, அதிகமா எத்தினி கிலோமீட்டர் ஓட்டிக்கீற?"

ஜெரால்ட் டீயைக் கீழே வைத்தான். "யார்டுலேர்ந்து கப்பலு வரிக்கும்."

"அது எத்தினி?"

"ரெண்டு."

"பொறந்த கொழந்தைய கையில வாங்கின நர்ஸு நானு" என்றாள் ரேச்சல். "அதுல எது நல்ல மாப்ளையா வரும்னு என்னாண்ட வந்து கேட்டா நா இன்னா சொல்லுவேன்? அந்த மாரிதான்யா கீது ஒன் சர்வீசு."

கேன்டீனே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான், அதற்காகப் பிறகு வெட்கப்பட்டேன். ஜெரால்டுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒனக்குத் தெரிஞ்சத வாங்கிக்கோ, என்னிய எதுக்குக் கேக்கற?" என்று போனை வைத்துவிட்டான். கோபம் வந்தால் போனை வைத்துவிடுவது சுலபம்தான். ஆனால் அந்தப் பெண் யாரும் தெரியாத ஊரில், ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு, இரண்டு காருக்கு நடுவே நின்றிருந்தாள். அதைச் சொன்னேன். "நீ மூடிக்கினு வேலயப் பாரு" என்றான். அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் வேலையில் எல்லோருக்கும் இருக்கிற கோளாறு அது. நாங்கள் தொடுகிற கார் எல்லாம் புதுசு. மீட்டரில் நாலு, ஐந்து, மிஞ்சிப் போனால் பதினொன்று காட்டும். எல்லாக் காரும் ஒரே மாதிரி மணக்கும், எல்லாமே சாவியைத் திருப்பியதும் கிளம்பும். அதற்கப்புறம் கடல் தாண்டிப் போய் அந்தக் கார் எந்த ஊரில் நின்று புகைகிறது, யார் தள்ளுகிறார்கள் என்று எங்களுக்கு ஒரு தகவலும் வராது. ஆனாலும் கார் என்றால் எங்களுக்குத்தான் தெரியும் என்று இருபது பேர் தினமும் உதார் விட்டுக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை ஆறு மணி ஷிஃப்ட். ஐந்து மணிக்கே எங்கள் வேன் கிளம்பிவிட்டது. திருவொற்றியூர் தாண்டியதும் வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஜெரால்ட் வந்து என் பக்கத்தில் குந்தினான். ராத்திரி தூங்காத கண்.

"மாமு, நேத்து சாயங்காலம் காசிமேடு போனேன். ரேச்சலு வூட்டு மச்சான் படகுல எஞ்சினு நின்னுபோச்சு. மெக்கானிக்கு வந்தான், எதிர்த்தாப்ல கடையில சாமான் வாங்கினான், அர மணி நேரத்துல ஓட்டிட்டான்."

"அதுக்கு இன்னா இப்ப?"

"அந்த எஞ்சின் வாங்கசொல்லோ நா வேணான்னேன் மாமு. சத்தமே வராத எஞ்சினு ஒண்ணு கீது, அத்த வாங்குன்னேன். மச்சான் இன்னா சொன்னான் தெரியுமா? 'அதுக்கு இங்க யாரு கை வெப்பான்?' அவ்ளோதான். வேற பேச்சே பேசல."

காசிமேட்டில் அப்படித்தான். எஞ்சினைப் பார்த்து எஞ்சின் வாங்குகிற வழக்கம் அங்கே இல்லை. முதலில் மெக்கானிக்கிடம் போவார்கள். எதற்குச் சாமான் கடையில் அடுக்கியிருக்கிறது, எதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவான் என்று கேட்பார்கள். அங்கே பாதிப் படகுகளில் என்ன ஓடுகிறதோ அதைத்தான் வாங்குவார்கள். நடுக்கடலில் நின்றவனுக்குக் கம்பெனியின் கெத்து சோறு போடாது.

ஜெரால்ட் போனை எடுத்தான். வேனில் பதினெட்டுப் பேர் இருந்தோம். யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"ரேச்சலு, வெச்சிடாத. நா சொல்றதக் கேளு. எனக்குத் தெரியாது மே."

"இன்னா தெரியாது?"

"ஓடுன காரப் பத்தி எனக்கு ஒரு எழவும் தெரியாது. நேத்து சும்மா பீலா உட்டேன். மன்னிச்சிடு."

பதினோரு வருஷத்தில் ஜெரால்ட் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அவன்மேல் ரொம்பப் பிரியம் வந்துவிட்டது.

"அந்த ஊர்ல மெக்கானிக்கு எத்தினி பேரு?" என்றான்.

"ஒருத்தருதான். இந்தக் கடைக்கு எதிர்த்தாப்லதான் ஷெட்டு. சனிக்கெழம பன்னெண்டுக்கு சாத்திடுவாரு."

"இப்ப அங்க மணி இன்னா?"

"பதினொண்ணே முக்கா."

"ஓடு மே!"

போனில் சாலையும் வானமும் அவள் செருப்பும் மாறி மாறித் தெரிந்தன. அப்புறம் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர், கையில் கிரீஸ் துணியோடு. ஜெரால்ட் கப்பல் அதிகாரிகளிடம் பழகிக் கற்ற ஆங்கிலத்தை அவிழ்த்துவிட்டான். அதில் சொற்கள் குறைவு, கையசைவு அதிகம். எதிர்க் கடையில் நிற்கிற இரண்டு காரில் எது உங்கள் ஷெட்டுக்கு அடிக்கடி வரும், எதற்குச் சாமான் உங்களிடம் இருக்கிறது என்பதுதான் அவன் கேள்வி. அவருக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனை வாங்கி ஷெட்டுக்குள் திருப்பிக் காட்டினார். கறுப்புக் காரின் கம்பெனியைச் சேர்ந்த இரண்டு கார்கள் அங்கேயே படுத்திருந்தன. சாமான் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டுமாம், கப்பலில் மூன்று வாரம். ஜப்பான் கம்பெனிக்கு அலமாரி நிறையச் சாமான் இருந்தது. ஊரில் பாதிப் பேர் அதைத்தான் ஓட்டுகிறார்கள், அவருடைய அம்மாவும் அதைத்தான் ஓட்டுகிறாராம். எண்ணெய் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் அது இங்கே வராது என்றார்.

"கப்பல்ல மூணு வாரமா?" ஜெரால்டுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. "அவங்க மூணுன்னா அஞ்சுன்னு அர்த்தம் மே. கப்பலப் பத்தி என்னாண்ட கேளு. அந்தக் கறுப்பு வாணாம்."

அதோடு அவன் விடவில்லை. ஜப்பான் கம்பெனி நல்ல கம்பெனி, இந்தப் பழுப்புக் கார் எப்படி என்று பார்க்க வேண்டாமா? ஷெட்டைச் சாத்துவதற்கு முன் தாடிக்காரரை எதிர்ப்பக்கம் நடக்க வைத்தான். அவர் அரை மணி நேரம் அதன் அடியில் படுத்து, சக்கரத்தைத் தட்டி, தண்ணீரைப் பார்த்து, பழைய சர்வீஸ் தாள்களைப் புரட்டினார். பத்து நாளாக யாரும் எடுக்காமல் குளிரில் நின்ற வண்டி அது. இன்ஜின் கிளம்புகிற நேரம் போனை முன்பக்கம் பிடிக்கச் சொன்னான் ஜெரால்ட். எங்கள் வேனில் எல்லாத் தலையும் அந்தப் போன் பக்கம் சாய்ந்தன. ரேச்சல் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"ஸ்டார்ட்டிங் எனக்குத் தெரியும். அது நம்ம டிபார்ட்மெண்டு" என்றான் எங்களைப் பார்த்து. "எடுத்துக்கோ மே. தைரியமா எடுத்துக்கோ."

திங்கட்கிழமை காலை எட்டு மணி. அங்கே மணி இரண்டரை. கப்பல் நின்றது, அதன் வாசலில் பத்துக் கார்களும் இன்ஜின் ஓடியபடி நின்றன. முதல் கார் ஜெரால்டுடையது. அவன் ஏறவில்லை. வண்டிக்குள் போன் எடுக்கக் கூடாது என்பது துறைமுக விதி. அதனால் கதவுக்கு வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஃபோர்மேன் ரஷீது, "இன்னாடா பேஜாரு பண்ற, கப்பல் ஒனக்காக நிக்குமா?" என்று கத்தினார். "ரெண்டு நிமிசம் நிக்கட்டும் பாய்" என்றான். அவன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ரஷீது பாயும் மற்ற கார்களைக் கை காட்டி நிறுத்திவைத்தார்.

எட்டு ஐந்துக்கு ரேச்சலின் குரல் வந்தது. "வந்துட்டேன்யா. ஒரே மழ. காரு எங்கியும் நிக்கல. டயமுக்கு முன்னாடியே வந்துட்டேன். மூணு மாசம் ஓட்டிட்டேன்னா ஒனக்கு விசா போட்டுறலாம்."

ஜெரால்ட் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதான், அப்புறம் காரைக் கப்பலில் ஏற்றினான். வழக்கம்போல் ஒரு சாண் இடைவெளி, பிசகவில்லை. நான் மண்டிபோட்டு பெல்ட்டை மாட்டினேன். ரேச்சலின் கார் ஓட வேண்டும் என்று சனிக்கிழமையிலிருந்து அவனைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டிருந்தேன். அது ஓடினால் இவன் போய்விடுவான் என்பது அந்த நிமிஷம்வரை என் புத்தியில் ஏறவில்லை.

"இன்னா மாமு, மூஞ்ச தொங்கப் போட்டுக்கினுகீற?" என்றான்.

"சந்தோசமாத்தான்டா கீறேன்" என்றேன். அதுவும் உண்மைதான். "நீ போயிட்டா நா யார்கூடடா சண்ட போடறது?"

கட்டுவது டிரைவர் வேலையே இல்லை. அவன் என் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்தான்.